காதும் கணினியும்: மோட்டார்க் கோளாறு அறிந்த வரலாறு

2003ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் மும்பையில் ஒரு பிரீமியர் பத்மினி வண்டி டாக்சியாகப் பதிவு பெற்றது. அதற்குப் பின் வேறொரு பத்மினி அங்ஙனம் பதிவு பெறவில்லை. அந்நகரில் டாக்சி ஒன்று இருபது ஆண்டுகளே ஓடலாம் என்பது விதி. ஆதலின் 2023ஆம் ஆண்டு அக்டோபர் 30 முதல் கருப்பும் மஞ்சளுமான அந்தப் பழைய வண்டி மும்பையின் வாடகை வாழ்விலிருந்து விடைபெற்றது. செய்தித்தாள்கள் அதனை ஒரு காலத்தின் முடிவு என்று எழுதின. வண்டியின் வடிவையும், அதன் உள்ளே ஒட்டியிருந்த வண்ணப் பூத்துணிகளையும் பற்றிப் பலர் உருகினார்கள். அந்த வண்டியோடு சேர்ந்து ஒரு தொழிலறிவும் ஒதுங்கத் தொடங்கியதைப் பற்றி எழுதியவர் குறைவு. நாம் இங்கே சொல்ல வந்தது அத்தொழிலறிவைப் பற்றியே.

மாட்டுங்கா லேபர் கேம்ப் என்றால் மும்பைத் தமிழருக்கு விளக்கம் வேண்டுவதில்லை. பிற மாநிலங்களில் வாழும் நேயர்களுக்காக ஒரு சொல் கூறுவோம். தாராவியின் தென்புறத்தில், மாட்டுங்காவை ஒட்டி அமைந்த தொழிலாளர் குடியிருப்பு அது. மராத்தியரும் தமிழரும் வடநாட்டாரும் நெருங்கி வாழும் இடம். மராத்தி எழுத்தாளர் அண்ணாபாவ் சாட்டே நாற்பதுகளில் இக்கேம்பின் தொழிலாளரிடையே பாடியும் நடித்தும் வந்தவர். தாராவித் தமிழரின் முன்னோர் பலர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்கள் என்பதை யாவரும் அறிவர். அவர்களுடைய மக்களும் பேரரும் தோலோடு நிற்கவில்லை, இரும்பையும் தொட்டார்கள்.

இரும்பைத் தொடுவதற்கு அங்கே வாய்ப்பும் இருந்தது. 1915இல் மாட்டுங்காவில் இரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் பெரிய தொழிற்சாலை ஏற்பட்டது. இரயில்வே ஊழியர் நீண்ட பிடியுள்ள சுத்தியலால் சக்கரத்தைத் தட்டி, அது மணிபோல் ஒலிக்கிறதா, உடைந்த பானைபோல் ஒலிக்கிறதா என்று கேட்டு விரிசலைக் கண்டுபிடிப்பர். 1928இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் சிவ்ரியில் மோட்டார் வண்டிகளைப் பூட்டி முடிக்கும் தொழிற்சாலையைத் திறந்தது. 1944இல் வால்சந்த் ஹீராசந்த் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸைத் தொடங்கினார். 1947இல் அதன் முதல் வண்டி குர்லாவில் வெளிவந்தது. சயானைத் தாண்டினால் குர்லா. 1954 முதல் அங்கே பியட் 1100 பூட்டப்பட்டது. அதன் வழிவந்த வண்டியே 1974 முதல் பிரீமியர் பத்மினி என்று பெயர் பெற்றது. பெயரைக் கேட்ட தமிழர் பலர் நாட்டியப் பேரொளியை நினைத்து மகிழ்ந்ததுண்டு. பெயருக்கு உரியவள் சித்தூர் இராணி. இருந்தாலென்ன, மகிழ்ச்சி மகிழ்ச்சிதானே!

நான்கு சிலிண்டர், 1089 கன சென்டிமீட்டர் கொள்ளளவு, ஒரு கார்புரேட்டர், ஒரு டிஸ்ட்ரிபியூட்டர். பத்மினியின் உள்ளம் இவ்வளவுதான். அதன் நோயை மிஸ்திரி எப்படி அறிந்தார் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் பின்னர் வந்த கணினி செய்ததும் பெரும்பாலும் அதே வேலையைத்தான்.

வண்டி 'மிஸ் அடிக்கிறது' என்று ஓட்டுநர் கொண்டுவந்து நிறுத்துவார். மிஸ்திரி எஞ்சினை ஓடவிட்டு, பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுவார். நல்ல சிலிண்டரின் வயரைக் கழற்றினால் எஞ்சின் தள்ளாடும், ஒலி மாறும். எந்த வயரைக் கழற்றியும் ஒலி மாறவில்லையோ, அந்தச் சிலிண்டர் முன்னமே உறங்கிவிட்டது என்பது பொருள். பின்பு அதன் பிளக்கைக் கழற்றி முகத்தைப் பார்ப்பார். காப்பிப்பொடி நிறமாயிருந்தால் நலம். கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருந்தால் காற்று மிகுதி. எண்ணெய் வழிந்திருந்தால் பிஸ்டன் வளையம் தேய்ந்தது என்று ஓட்டுநரின் முகத்தையும் ஒருமுறை பார்ப்பார். செலவு பெரிது என்பதற்கு அதுவே அறிவிப்பு. நீண்ட திருப்புளியின் நுனியை எஞ்சினின் மீது வைத்துப் பிடியைக் காதோடு சேர்த்து, உள்ளே தட்டுவது எது என்று கேட்பார். வேனிற்காலத்தில் நெரிசலில் நின்ற வண்டி கிளம்ப மறுத்தால் பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றச் சொல்வார். குழாய்க்குள் பெட்ரோல் ஆவியாகி அடைத்திருக்கும். மழைக்காலத்தில் வேறு கதை. கிங்ஸ் சர்க்கிளில் காந்தி மார்க்கெட்டின் முன் ஆண்டுதோறும் தேங்கும் நீரைக் கடந்து வந்த வண்டி நின்றுவிட்டால், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து உலர்ந்த துணியால் துடைப்பார். வண்டி கிளம்பிவிடும்.

இவ்வறிவு எந்தப் பள்ளியிலும் கற்பிக்கப்பட்டதன்று. கையாளாகச் சேர்ந்த பையன் ஸ்பானர் எடுத்துக் கொடுத்துக்கொண்டே பத்தாண்டு கேட்டுக் கேட்டுப் பெற்றது. இதனை வெறும் புகழ்ச்சியாகச் சொல்லவில்லை. இதில் குறையும் இருந்தது. தவறாகக் கேட்ட காதுகளும் உண்டு. தேவையில்லாமல் பிரிக்கப்பட்ட எஞ்சின்களும் உண்டு. அன்றியும், எவ்வளவு கூரிய காதாயினும் கேட்க முடியாத ஒன்று இருந்தது. அது புகைக்குழாயின் வழியே வெளியேறும் நஞ்சு.

கதை இப்போது கடல் கடந்து செல்கிறது. 1943 ஜூலையில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைக் கண்ணெரிக்கும் மூட்டம் ஒன்று சூழ்ந்தது. போர்க்காலமாதலின் பகைவர் நச்சுப்புகை வீசினரோ என்றுகூட மக்கள் அஞ்சினார்கள். ஹாகன்-ஸ்மிட் என்னும் அறிஞர், நெதர்லாந்தில் பிறந்தவர், அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவர், அம்மூட்டத்தை ஆராயத் தலைப்பட்டார். மோட்டார்ப் புகையிலும் எண்ணெய் ஆலைப் புகையிலும் உள்ள பொருள்கள் வெயிலில் வினைபுரிந்து இம்மூட்டத்தை உண்டாக்குகின்றன என்று ஐம்பதுகளின் தொடக்கத்தில் அவர் காட்டினார். மோட்டார் முதலாளிகள் எளிதில் ஒப்பவில்லை. எனினும் 1967இல் கலிபோர்னியாவில் காற்றைக் காக்கும் வாரியம் சட்டப்படி அமைந்தது. 1970இல் அமெரிக்க நாடு முழுமைக்கும் கடுமையான சட்டம் வந்தது.

புகையை நன்றாகத் தூய்மைப்படுத்தும் வினையூக்கிக் கலம் ஒன்றைப் பொறியாளர் அமைத்தனர். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்னும் விலையுயர்ந்த உலோகங்கள் பூசப்பட்டது அது. அதற்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று என்ற அளவு ஓயாமல் நின்றால்தான் அது முழுமையாக வேலை செய்யும். கார்புரேட்டரால் அத்துணை நுட்பமாக அளந்து ஊற்ற இயலாது. ஆகவே புகைக்குழாயில் ஆக்சிஜனை அளக்கும் உணர்கருவி ஒன்று வைக்கப்பட்டது. பாஷ் நிறுவனம் செய்த அதனை 1976இல் வால்வோ கார் முதலில் ஏற்றது. அக்கருவி சொல்வதைக் கேட்டுப் பெட்ரோலைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சிறு கணினி வண்டிக்குள் வந்தது.

கணினி வந்தபின் இன்னொரு கேள்வி எழுந்தது. அதற்குச் சேதி சொல்லும் கருவி ஒன்று பழுதானால் ஓட்டுநர் எவ்வாறு அறிவார்? வண்டி ஓடிக்கொண்டேயிருக்கும், நஞ்சு மட்டும் பெருகும். இதற்கு விடையாகவே முகப்புப் பலகையில் எச்சரிக்கை விளக்கும், அதன் பின்னே கோளாறுக் குறியீடும் பிறந்தன. 1981இல் ஜெனரல் மோட்டார்ஸ் அமெரிக்காவில் தன் கார்களில் இம்முறையைப் பரவலாக அமைத்தது. ஸ்டியரிங்கின் கீழுள்ள இணைப்பியில் இரு துளைகளை ஒரு வளைத்த கம்பியால் சேர்த்தால், விளக்கு கண் சிமிட்டும். ஒரு சிமிட்டு, சற்றே இடைவெளி, பின் இரு சிமிட்டு; இது 12 என்னும் எண். பின்னர் கோளாறின் எண் மும்முறை வரும். 44 என்றால் புகையில் பெட்ரோல் போதவில்லை. 45 என்றால் மிகுதி. தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்தவர்க்கு இது பழகிய மொழியாய்த் தோன்றியிருக்கும்.

ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வோர் எண்ணையும் ஒவ்வோர் இணைப்பியையும் வைத்துக்கொண்டதால் குழப்பம் மிகுந்தது. கலிபோர்னியா வாரியம் 1988 முதல் வண்டி தன்னைத் தானே சோதித்துக்கொள்ள வேண்டும் என்று விதித்தது. பின்னர், எல்லா வண்டிக்கும் ஒரே இணைப்பி, ஒரே குறியீட்டு முறை என்பது 1996இல் அமெரிக்கா முழுவதும் கட்டாயமாயிற்று. பதினாறு முனைகளையுடைய அந்த இணைப்பிதான் இன்று நம் வண்டிகளிலும் ஸ்டியரிங்கின் கீழ் மறைந்து கிடக்கிறது.

குறியீட்டின் இலக்கணம் எளியது. முதலில் ஓர் ஆங்கில எழுத்து: 'பி' என்றால் எஞ்சினும் கியரும் சேர்ந்த பகுதி, 'சி' அடிச்சட்டமும் பிரேக்கும், 'பி' போலவே ஒலிக்கும் மற்றொரு எழுத்து உடற்கூட்டுக்கு, 'யு' கணினிகளுக்குள் நிகழும் உரையாடலுக்கு. அடுத்த எண் சுழியமானால் எல்லா நிறுவனத்துக்கும் பொது. ஒன்றானால் அந்நிறுவனத்துக்கே உரியது. மூன்றாவது இடம் எந்த உறுப்பமைப்பு என்று காட்டும். மூன்று என்றால் தீப்பொறியும் மிஸ் அடித்தலும். ஆக, பி0301 என்பது முதல் சிலிண்டர் மிஸ் அடிக்கிறது என்பதாகும். பிளக் வயரைக் கழற்றிக் கழற்றி மிஸ்திரி கண்டதை, எஞ்சின் சுழலும் வேகத்தில் நேரும் நொடிப்பொழுதுத் தளர்வை அளந்து கணினி காண்கிறது. ஆனால் ஏன் மிஸ் அடிக்கிறது என்று அது சொல்லாது. பிளக்கா, காயிலா, பெட்ரோல் பீச்சியா, வால்வா? முதல் சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டி, மூன்றாவதின் காயிலை முதலில் மாட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். குறியீடு பி0303 என்று மாறினால் காயில் குற்றவாளி. மாறாவிட்டால் அது நிரபராதி. பிளக்கை மாற்றி வைத்து மீண்டும் பார்க்க வேண்டும். காசு செலவின்றிக் கிடைக்கும் சாட்சியம் இது.

நம் நாட்டுக்கு இவை வந்த வரிசையைச் சுருக்கமாகச் சொல்வோம். 1999இல் உச்ச நீதிமன்றம் தில்லிப் பகுதியில் புகைக் கட்டுப்பாட்டை விரைவுபடுத்தியது, 2000 முதல் நாடெங்கும் புதிய அளவுகள் வந்தன, கார்புரேட்டர் மறையலாயிற்று. 2010 ஏப்ரலில் மும்பை, சென்னை உட்படப் பதின்மூன்று நகரங்களில் பாரத் நான்காம் நிலை வந்தது; 2013 முதல் தற்சோதனை முறையின் இரண்டாம் தலைமுறை கட்டாயமாயிற்று. 2017இல் நான்காம் நிலை நாடு முழுமைக்கும் பரவியது. ஐந்தாம் நிலையைத் தாண்டி 2020 ஏப்ரலில் ஆறாம் நிலை வந்தது. இடையில் 2005 ஜூலை 26ஆம் நாள், சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. கார்புரேட்டர் வண்டிகளைத் துடைத்து உலர்த்திக் கிளப்ப வழியிருந்தது. கணினிப் பெட்டிக்குள் நீர் புகுந்த வண்டிகளுக்கு உலர்ந்த துணி உதவவில்லை. இணைப்பிகளின் ஊசிகளில் ஏறும் பச்சைக் களிம்பு பின்னும் பலநாள் பொய்க் குறியீடுகளைத் தந்துகொண்டிருக்கும்.

இனி நாம் கண்ட ஒன்றைக் கூறுவோம். தாராவியில் இட்லி அவித்து நகரெங்கும் விற்கும் தமிழர் பலருண்டு. அவர்களுள் ஒருவர் பாத்திரங்களை ஏற்றிச் செல்லப் பழைய பெட்ரோல் வேன் ஒன்று வைத்திருந்தார். விடியுமுன் இட்லி போய்ச் சேரவேண்டும். வேன் நின்றால் அன்றைய மாவும் உழைப்பும் வீண். ஒருநாள் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. பெட்ரோலும் வழக்கத்துக்கு மேல் செலவாயிற்று. ஒரு பழுது பார்க்கும் கடையில் கருவியைச் செருகிப் பார்த்தார்கள். பி0171 என்று வந்தது. காற்று மிகுதி, பெட்ரோல் போதவில்லை என்பது அதன் பொருள். ஆக்சிஜன் உணர்கருவி கெட்டதென்று புதியதை மாட்டி, குறியீட்டை அழித்து, சில ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் விளக்கு மீண்டும் எரிந்தது.

அவர் வேனை லேபர் கேம்பை அடுத்த ஒரு கொட்டகைக்குக் கொண்டுவந்தார். அங்கிருந்த மிஸ்திரி பியட்டில் தொழில் பயின்ற முதியவர். ஊர் திருநெல்வேலிப் பக்கம். உதவிக்கு இருந்த பையன் தன் கைப்பேசியோடு இணையும் சிறு கருவியைச் செருகினான். அதே எண் வந்தது. முதியவர் எண்ணைக் கேட்டுக்கொண்டார். பின்பு பிளக்குகளைக் கழற்றச் சொன்னார். நான்கும் கரி பிடித்திருந்தன.

"பெட்டி பெட்ரோல் காணாதுங்குது, பிளக்கு கரியா கெடக்கு. ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுதுல்லா, தம்பி?" என்றார்.

"புது சென்சரும் போட்டாச்சே, அண்ணாச்சி!" என்றார் வேன்காரர்.

எஞ்சின் நன்றாகக் குளிரும்வரை காத்திருந்து கிளப்பச் சொன்னார் முதியவர். புகைக்குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தில் 'டிக் டிக்' என்று ஒரு மெல்லிய ஒலி கேட்டது. இரண்டு மூன்று நிமிடத்தில் இரும்பு சூடேறி விரிந்ததும் ஒலி அடங்கிவிட்டது. பகலில் ஓடிச் சூடேறிய வேனைப் பார்த்தவர்க்கு அது கேட்டிராது.

நடந்தது இதுதான். இணைப்பிலிருந்த கேஸ்கெட் ஓரிடத்தில் வெடித்திருந்தது. அவ்விடுக்கின் வழியே புகை வெளியேறும். புகையின் துடிப்புகளுக்கிடையே வெளிக்காற்று உள்ளேயும் இழுக்கப்படும். அக்காற்றை உணர்கருவி முகர்ந்து, ஆக்சிஜன் மிகுதி என்று உண்மையாகவே சொல்லிற்று. கணினி அதனை நம்பிப் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போயிற்று. இதற்குமேல் கூட்டலாகாது என்னும் எல்லையை எட்டியதும் விளக்கை ஏற்றிற்று. ஆகவே பிளக்கில் கரி, பெட்டியில் 'போதவில்லை' என்னும் எண், பெட்ரோல் செலவு மிகுதி ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தின. எவரும் பொய் சொல்லவில்லை. முன்பு கழற்றி எறிந்த உணர்கருவியும் குற்றமற்றதே. கேஸ்கெட்டை மாற்றியபின், பையன் தன் கைப்பேசியில் கணினி கூட்டும் பெட்ரோலின் சதவீதம் மெல்ல இறங்குவதைக் காட்டினான். அதை முதியவரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

குறியீட்டில் எந்த உறுப்பின் பெயர் வருகிறதோ அதையே மாற்றுவது இத்தொழிலில் மிகப் பரவிய பிழை. பி0420 என்றால் வினையூக்கிக் கலத்தின் வேலை குறைந்தது என்பர். உடனே விலையுயர்ந்த கலத்தை மாற்றச் சொல்வாருண்டு. புகைக்குழாய்க் கசிவும் அதே எண்ணைத் தரலாம். எச்சரிக்கை விளக்கு நிலையாக எரிவதற்கும் விட்டுவிட்டு மின்னுவதற்கும் வேறுபாடு உண்டு என்பதையும் ஓட்டுநர் அறிந்திருத்தல் நலம். மின்னினால் எரியாத பெட்ரோல் கலத்துக்குள் சென்று அதனைச் சுட்டழிக்கிறது என்பது பொருள். வேகத்தைக் குறைத்து, விரைவில் ஓரங்கட்ட வேண்டும். இன்னொன்று, பழைய வண்டி வாங்கும் நேயர்களுக்கு. விற்பவர் முதல்நாள் குறியீட்டை அழித்துவிட்டு விளக்கில்லா வண்டியைக் காட்டலாம். ஆனால் அழித்தவுடன் கணினியின் தற்சோதனைகளும் அழிந்துவிடும். கருவியைச் செருகினால் 'சோதனை முடியவில்லை' என்று அது காட்டிக்கொடுக்கும். சில நாள் ஓடினால்தான் அவை மீண்டும் நிறையும்.

எண்ணைப் படிக்கச் சிறு கருவி இப்போது சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. எனில் எல்லாம் எளிதாயிற்றா? இல்லை. பொதுக் குறியீடுகளுக்கு அப்பால், நிறுவனத்துக்கே உரிய எண்களும், சாவியைப் பழக்குதல், புதிய உறுப்பைக் கணினிக்கு அறிமுகம் செய்தல் போன்ற வேலைகளும் பெரும்பாலும் நிறுவனத்தின் சொந்தக் கருவியையே நாடச் செய்கின்றன. அக்கருவியும் உதிரி உறுப்புகளும் வெளி மிஸ்திரிகளுக்கு மறுக்கப்படுகின்றன என்று 2011 ஜனவரியில் இந்தியப் போட்டி ஆணையத்தின் முன் ஒரு முறையீடு வந்தது. 2014 ஆகஸ்டு 25ஆம் நாள் ஆணையம் தீர்ப்பளித்தது. பதினான்கு கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் தண்டம் விதித்ததோடு, உறுப்புகளும் சோதனைக் கருவிகளும் வெளிச்சந்தையில் கிடைக்கச் செய்யவேண்டும் என்றும் ஆணையிட்டது. நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன. வழக்கு மேல்மன்றங்களில் நீண்டது. 2016இல் தீர்ப்பாயம் சில நிறுவனங்களின் தண்டத்தைக் குறைத்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012இல் மக்கள் வாக்களித்தே பழுது பார்க்கும் உரிமைச் சட்டத்தைப் பெற்றார்கள். நம் நாட்டில் 2022 டிசம்பர் 24ஆம் நாள் நுகர்வோர் துறை பழுது பார்க்கும் உரிமைக்கென ஓர் இணையவாயிலைத் திறந்தது.

இத்தீர்ப்புகளின் பயன் அக்கொட்டகையை இன்னும் முழுதாக எட்டவில்லை என்றே நமக்குத் தோன்றியது. சாவிப் பழுது வந்தால் அங்கே இன்றும் கைவிரித்து, நிறுவனத்துக்கே அனுப்புகிறார்கள். ஆனால் வேறொன்று அங்கே நடக்கிறது. பையன் ஒரு பழைய கணக்கு நோட்டில், வந்த வண்டியின் எண், கருவி காட்டிய குறியீடு, உண்மையில் இருந்த கோளாறு என மூன்று பத்தி பிரித்துத் தமிழில் எழுதி வருகிறான். முதியவர் சொல்லச் சொல்ல எழுதியதாதலின் எழுத்துப்பிழை மிகுதி. பி0171க்கு எதிரே இட்லி வேனின் கதை ஒரே வரியில் இருக்கிறது: 'காலையில் குளிரில் கேட்கவும்.'